சுவிட்ச் யார் கையில்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "உன் வேலை சம்பந்தமா ஒரு இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அதனால்தான் மெக்கானிக்கல் படித்த நான் இன்று நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசுகிறேன். தலைப்பைப் பார்த்துவிட்டு, "இவன் எப்போ டாக்டர் ஆனான்?" என்று என் வகுப்புத் தோழர்கள் கேட்டார்கள். ஆகவில்லை. நான் கடலோர அனல் மின் நிலையம் ஒன்றில் குளிர்விப்பு நீர்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தலைவலியே உயிர்கள்தான்.

தம்பி தங்கைகளுக்காக ஒரு வார்த்தை. டர்பைனைச் சுற்றிவிட்டு வெளியே வரும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்க வேண்டும். கடலோர நிலையங்களில் அதற்குக் கடல் நீரையே எடுக்கிறோம். 500 மெகாவாட் யூனிட் ஒன்றுக்கு மணிக்கு சுமார் 60,000 கன மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நீரோடு கடலில் உள்ள குஞ்சு குளுவான்கள் எல்லாம் உள்ளே வரும். வந்ததெல்லாம் போய்விட்டால் பரவாயில்லை. சில, "இடம் நல்லா இருக்கே" என்று ஒட்டிக்கொண்டு குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும். கொட்டலசு, மட்டி, குழாய்ப்புழு என்று வரிசையாகக் குடியேறும். கண்டென்சரில் வெற்றிடம் குறையும், மின் உற்பத்தி குறையும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடலடியில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வழியாக நீர் வருகிறது. அதற்குள் பச்சை மட்டிகள் பெருகியதால், இதற்கென்றே விஞ்ஞானிகள் அங்கே பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்தார்கள்.

நாம் எப்படிச் சமாளிக்கிறோம்? குளோரின். கடல் நீரிலேயே மின்சாரம் செலுத்தி அங்கேயே தயாரித்து, அளவாகக் கலந்துவிடுகிறோம். குழாய்களுக்குள் ஸ்பஞ்ச் பந்துகளை ஓடவிட்டுத் துடைக்கிறோம். சுருக்கமாகச் சொன்னால், கொல்வது, இல்லாவிட்டால் சுரண்டுவது. ரொம்ப நாளாக நம்மிடம் இருந்த வழி இந்த இரண்டுதான்.

ஆனால் எங்கள் துறையில் எல்லோரும் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. சுத்தமான புதுத் தகட்டைக் கடலில் இறக்கினால் இந்தப் பிராணிகள் உடனே வந்து உட்காருவதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்புப் படிய வேண்டும். அது பாக்டீரியாக்கள் சேர்ந்து போடும் படலம். அது படிந்த பிறகுதான் பெரும்பாலான பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள். பாய் விரித்தால்தானே உட்காருவார்கள்? ஏன் இப்படி என்ற கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்துவிட்டது.

புழுவுக்கு வந்த உத்தரவு

வெப்பக் கடல் துறைமுகங்களில் எல்லாம் காணப்படும் ஒரு குழாய்ப்புழு உண்டு. ஹைட்ராய்டஸ் எலிகன்ஸ் என்று பெயர். கப்பலின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழாய் கட்டி வாழும். ஹவாய்த் தீவில் பேர்ல் துறைமுகத்துப் புழுக்களை வைத்து மைக்கேல் ஹாட்ஃபீல்ட் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

இந்தப் புழுவின் குஞ்சு, அதாவது லார்வா, கடலில் நீந்தித் திரியும். சுமார் ஐந்து நாளில் உருமாறத் தயாராகிவிடும். தயாராகிவிடுமே தவிர, உருமாறாது. சுத்தமான கண்ணாடிப் பாத்திரத்தில் விட்டால் நீந்திக்கொண்டே காத்திருக்கும். பாக்டீரியாப் படலம் உள்ள ஒரு பரப்பைத் தொட்டதும் கதையே மாறிவிடும். ஒட்டிக்கொள்ளும், சில நிமிடங்களிலேயே தன்னைச் சுற்றி மெல்லிய குழாய்ச் சுவர் போட ஆரம்பிக்கும், நீந்தும் உறுப்புகளை உதிர்த்துவிடும். பிறகு சுண்ணாம்புக் குழாய் எழும். அதற்கப்புறம் ஆயுள் முழுக்க அதே இடம்தான்.

அந்தத் தொடுதலில் என்ன நடக்கிறது? 2014-இல் சயன்ஸ் இதழில் ஒரு விடை வெளியானது. அந்தப் படலத்தில் சூடோஆல்டெரோமோனாஸ் லூட்டியோவயோலாசியா என்று ஒரு பாக்டீரியா. வாயில் நுழையாத பெயர், மன்னிக்கவும். பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களுக்கு ஊசி போன்ற வால் உண்டு, படத்தில் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஸ்பிரிங் ஊசிகளை இந்தப் பாக்டீரியா நூறு வாக்கில் ஒன்றாகக் கட்டி, ஒரு கொத்தாகத் தயாரிக்கிறது. பாக்டீரியா வெடிக்கும்போது கொத்து வெளியே வந்து விரிகிறது. லார்வா அதைத் தொட்டதும் உருமாற்றம் தொடங்குகிறது. இந்த ஊசிக்கான மரபணுக்களை நீக்கிவிட்டால் அந்தப் பாக்டீரியாவால் உத்தரவு போட முடிவதில்லை. உருமாற்றத்தைத் தூண்டும் ஒரு புரதம் அந்த ஊசிக் கொத்தில் இருப்பதைப் பின்னால், 2019-இல் கண்டுபிடித்தார்கள். வேறு சில பாக்டீரியாக்கள் வேறு வழிகளில் அதே வேலையைச் செய்கின்றன.

இப்போது நம்ம பாஷையில் யோசித்துப் பாருங்க. புழுவின் உடல் எப்படி அமைய வேண்டும் என்ற வரைபடம் முழுக்கப் புழுவிடம்தான் இருக்கிறது. மெட்டீரியல் எல்லாம் சைட்டில் தயார். ஆனால் "வேலையை ஆரம்பி" என்று அழுத்த வேண்டிய சுவிட்ச் மட்டும் வேறு ஓர் உயிரின் கையில் இருக்கிறது.

இது வேடிக்கைச் செய்தி அல்ல, காசு விஷயம். கப்பல் அடியில் ஒட்டும் உயிர்களால் அமெரிக்கக் கடற்படையின் ஒரே ஒரு வகைப் போர்க்கப்பல்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 5.6 கோடி டாலர் செலவு என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதைத் தடுக்க ட்ரைபியூட்டைல் டின் கலந்த பெயிண்ட்டை உலகமே ஒரு காலத்தில் அடித்தது. பிரமாதமாக வேலை செய்தது. கூடவே பிரான்ஸ் நாட்டு ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பையே கெடுத்தது, பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க வைத்தது. கடைசியில் உலகக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஒப்பந்தம் போட்டு, அது 2008-இல் அமலுக்கு வந்து, அந்தப் பெயிண்ட் தடை செய்யப்பட்டது. யார் எந்தச் சுவிட்சை அழுத்துகிறார்கள் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கொல்லப் புறப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

கணவாயின் விளக்கு

"சரிப்பா, அது புழு. பெரிய பிராணிகள் இப்படிப் பிறர் கையை எதிர்பார்க்குமா?" என்று கேட்கலாம். அதே ஹவாய்க் கரையில் கட்டை விரல் அளவுள்ள ஒரு குட்டிக் கணவாய் இருக்கிறது. இரவில்தான் இரை தேடும். நிலா வெளிச்சத்தில் மேலே நீந்தினால் கீழே இருக்கும் மீனுக்கு இதன் நிழல் தெரிந்துவிடும். அதற்காக வயிற்றுப் பக்கம் ஒரு விளக்கு வைத்திருக்கிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்துக்குச் சமமாகக் கீழே ஒளிவிட்டால் நிழல் இல்லையே! அந்த விளக்கை எரியவைப்பது கணவாய் அல்ல, அதற்குள் குடியிருக்கும் விப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியா.

கணவாய்க் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது விளக்குக்குள் பாக்டீரியா கிடையாது. கடல் நீரிலிருந்துதான் பிடிக்க வேண்டும். அந்த நீரில் உள்ள பாக்டீரியாக்களில் இந்த இனம் ஆயிரத்தில் ஒன்றுகூட இராது. அதைச் சலித்துப் பிடிக்க, விளக்கின் வாசலில் மயிரிழைகள் அடர்ந்த சிறு கைகள் குஞ்சுக்கு உண்டு. சரியான பாக்டீரியா உள்ளே போய்ச் சில மணி நேரம் ஆனதும், "ஆள் வந்தாச்சு" என்ற செய்தி போகிறது. அந்தக் கைகளின் செல்கள் தாமாகவே மடிந்து, நான்கைந்து நாளில் கைகளே கரைந்துவிடுகின்றன. கட்டிடம் முடிந்ததும் சாரத்தைப் பிரிக்கிறோமே, அது போல. பாக்டீரியாவே இல்லாத நீரில் வளர்த்தால் சாரம் அப்படியே நிற்கும். விளக்கும் முழுமையடையாது. மார்கரெட் மெக்ஃபால்-நாய் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 1990-களில் இதை நிரூபித்தார்கள்.

அந்தச் செய்தி எது தெரியுமா? 2004-இல் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் மேற்சுவரிலிருந்து உதிரும் ஒரு சின்னத் துண்டு. அதே துண்டைத்தான் கக்குவான் இருமல் கிருமியும் உதிர்க்கிறது. குழந்தையின் மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் மயிரிழைச் செல்களை அது அழிக்கிறது. ஒரே மூலக்கூறு நம் குழந்தைக்கு விஷம், கணவாய்க் குஞ்சுக்கு வளர்ச்சிக் கட்டளை. "நல்ல கிருமி, கெட்ட கிருமி" என்று பட்டியல் போடும் வேலை எவ்வளவு கஷ்டம் என்று இதைப் படித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.

கொசு வீட்டு ரகசியம்

இதுவரை சொன்ன பாக்டீரியாக்கள் வெளியிலிருந்து வருபவை. தலைமுறை தலைமுறையாக உள்ளேயே குடியிருந்து, தாய் வழியாக முட்டைக்குள் போகும் இனமும் உண்டு. அதில் பெரிய கை வொல்பாக்கியா. 1924-இல் ஹெர்டிக், வொல்பாக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு சாதாரணக் கொசுவுக்குள் இதைப் பார்த்தார்கள். பூச்சி இனங்களில் பாதியளவில் இது இருக்கும் என்று இன்று மதிப்பிடுகிறார்கள்.

இது செய்யும் வேலையைப் பாருங்க. வொல்பாக்கியா உள்ள ஆண் கொசு, அது இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது, கரு தொடக்கத்திலேயே நின்றுவிடும். பெண்ணிடமும் அதே வொல்பாக்கியா இருந்தால் எல்லாம் சுகமாகப் பொரிக்கும். ஆண் பூட்டுகிறான், பெண்ணிடம் சாவி இருந்தால்தான் திறக்கும். சாவி உள்ள பெண்ணின் வம்சம் பெருகப் பெருக வொல்பாக்கியாவும் பரவுகிறது.

1967-இல், பூட்டியது பாக்டீரியா என்று தெரிவதற்கு முன்பே, ஹேன்ஸ் லாவன் என்ற ஜெர்மானியர் பர்மாவில் ரங்கூனுக்கு அருகே ஓக்போ என்ற கிராமத்தில் இதைச் சோதித்தார். ஒவ்வாத இன ஆண் கொசுக்களைத் தினமும் பறக்கவிட்டார். சில மாதங்களில் அந்த ஊர்க் கொசு முட்டைகள் ஏறக்குறைய எதுவுமே பொரிக்காத நிலை வந்தது. மருந்து அடிக்கவில்லை, புகை போடவில்லை. காரணம் வொல்பாக்கியாதான் என்று 1971-இல்தான் தெளிவானது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவிடம் இயற்கையில் வொல்பாக்கியா கிடையாது. பழ ஈயிலிருந்து எடுத்து அதற்குள் குடியேற்றினார்கள். அப்படிக் குடியேறினால், அந்தக் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் சரியாகப் பெருக முடிவதில்லை! 2011-இல் ஆஸ்திரேலியாவில் கேர்ன்ஸ் நகர்ப் பக்கம் முதலில் பறக்கவிட்டார்கள். பிறகு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நகரத்தை 24 பகுதிகளாகப் பிரித்து, 12 பகுதிகளில் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவுப்படி அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது, மருத்துவமனையில் சேரும் அளவுக்கான டெங்கு 86 சதவீதம் குறைந்தது.

எங்கள் வீட்டிலேயே ஒரு மழைக்காலத்தில் டெங்கு வந்தது. காலையும் மாலையும் பிளேட்லெட் எண்ணிக்கைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் இந்த 86-இன் அருமை தெரியும். இந்த அரங்கிலும் பலருக்குத் தெரியும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் இருக்கும் கொசுவழி நோய்த் தடுப்பு ஆராய்ச்சி மையம், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்திலிருந்து முட்டைகளை வாங்கி, அவற்றை நம்ம ஊர்க் கொசுவோடு கலந்து இத்தகைய இனங்களை உருவாக்கிவிட்டதாக 2022-இல் அறிவித்தது. வெளியே பறக்கவிட அரசின் அனுமதி வேண்டும். அது நியாயமும்கூட. விட்ட பிறகு திரும்பக் கூப்பிட முடியாத பொருள் அல்லவா? அனுமதி கேட்கும்போது ஊர் மக்களுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். அதைப் புரியவைக்கும் கடமை நம்மைப் போல நாலு எழுத்துப் படித்தவர்களுக்கு உண்டு.

தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் யானைக்கால் நோயைப் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். அந்த நோயைத் தரும் புழுவுக்குள்ளும் வொல்பாக்கியா இருக்கிறது. கொசுவில் அது வாடகைக்காரன் என்றால், புழுவில் கூட்டுக் குடும்பம். அது இல்லாமல் புழுவின் கரு வளராது. டாக்ஸிசைக்ளின் என்ற சாதாரண மருந்தைச் சில வாரங்கள் கொடுத்தால் உள்ளே உள்ள பாக்டீரியா சாகிறது, பெண் புழு மலடாகிறது, நாளடைவில் புழுவும் மடிகிறது. புழுவைத் தொடவே இல்லை, அதன் சுவிட்சைத்தான் அணைத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கக் கூடாது, பல வாரம் சாப்பிட வேண்டும் என்பதால் ஊர் முழுவதற்கும் பொதுவாக இதைக் கொடுப்பது சிரமம். ஆனாலும் எதிரியின் பலவீனம் எங்கே என்று தெரிந்துவிட்டது.

நம் வயிற்றுக்குள்ளே

நம் கதை என்ன என்று கேட்பீர்கள். மனிதனை நுண்ணுயிர் இல்லாமல் வளர்த்துப் பார்க்க முடியாது. எலியை வளர்க்கலாம். அமெரிக்காவில் ஜெஃப்ரி கார்டன் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. நுண்ணுயிரே இல்லாமல் வளர்ந்த எலியின் சிறுகுடலில், உணவை உறிஞ்சும் இடத்தில், இரத்தக் குழாய் வலை பாதியில் நின்றிருந்தது. சாதாரண எலியின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்ததும் பத்தே நாளில் வலை முழுமையாகிவிட்டது. பைப்லைன் போடும் உத்தரவு குடலுக்கு வெளியாளிடமிருந்து வந்திருக்கிறது.

தாய்ப்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள திடப்பொருள்களில் லாக்டோஸ், கொழுப்பு இவற்றுக்கு அடுத்தபடியாக இருப்பது ஒரு வகைச் சர்க்கரைத் தொடர்கள். குழந்தையால் அதைச் செரிக்க முடியாது. பின் எதற்கு? குழந்தையின் குடலில் குடியேறும் பிஃபிடோபாக்டீரியா போன்றவற்றுக்கு அதுதான் சாப்பாடு. தாய் தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்டவில்லை, பிள்ளையோடு சேர்ந்து வளர வேண்டிய விருந்தாளிக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

இதைச் சொன்னதும், "அப்போ ஆன்டிபயாடிக்கே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். டாக்டர் கொடுத்தால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள், அது உயிர் காக்கும் மருந்து. சளி பிடித்ததும் நாமாகவே மெடிக்கல் ஷாப்பில் போய், "அன்னிக்குக் கொடுத்தீங்களே, அதே ரெண்டு மாத்திரை கொடுங்க" என்று கேட்கிறோமே, அதைத்தான் விட வேண்டும். வளரும் குழந்தைக்கு அப்படிக் கொடுக்கவே கூடாது. அதே மாதிரி, டப்பாவில் அடைத்த "நல்ல பாக்டீரியா" எல்லா நோயையும் தீர்க்கும் என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். எந்த உயிர், எந்த நேரம், எந்தச் சுவிட்ச் என்று சொல்ல முடிந்தால்தான் அது விஞ்ஞானம்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஓர் உயிர் வளர்வதற்கான வரைபடம் அதனிடமே இருக்கிறது. ஆனால் சில முக்கியமான சுவிட்சுகளை அது பக்கத்து வீட்டுக்காரனிடம் கொடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரனைத் தெரியாமல் நம்மால் நோயையும் ஒழுங்காக ஒழிக்க முடியாது, ஒரு கண்டென்சர் குழாயையும் ஒழுங்காகக் காப்பாற்ற முடியாது. நாளைக்குக் குளோரினைக் குறைத்து, அந்த ஒரு சமிக்ஞையை மட்டும் தடுக்கும் பூச்சு ஒன்றை யாராவது செய்யத்தான் போகிறார்கள். அது நம்ம கல்லூரிப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

அதனால் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்குக் கடையில் விலைக்கு வாங்கும் மாடல் வேண்டாம். நாலு விதத் தகடு, நாலு விதப் பூச்சு, ஒரு கயிறு, ஒரு மைக்ராஸ்கோப் போதும். கடலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த நாளில் படலம் வருகிறது, எந்த நாளில் முதல் புழு வந்து உட்காருகிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். விலங்கியல் படிக்கும் ஒரு நண்பரையும் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல்காரனுக்கும் விலங்கியல்காரனுக்கும் நடுவில் இருக்கும் சுவர் நாம் கட்டியதுதான். இடம் பார்த்துக் கொடுக்கவும், பாதுகாப்பு முறைகளைச் சொல்லித்தரவும் நான் தயார். சங்க அலுவலகத்தில் என் முகவரி இருக்கிறது.

பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும், உங்கள் வயிற்றுக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கோடானுகோடிப் பேருக்கும் சேர்த்தே நன்றி சொல்லி விடைபெறுகிறேன். அடுத்து மதிய உணவு. இரண்டு தரப்பும் காத்திருக்கிறது.